மேல் வரிசைச் சாவிகள்

ஜனவரி 9

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நான், பட்டறை, மேஸ்திரி மூணு பேரும் சௌக்கியம். மேஸ்திரிக்கு மட்டும் முழங்கால் வலி. முப்பது வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்த்த கால், வலிக்கத்தானே செய்யும். அங்கே நீங்களும் மாப்பிள்ளையும் என் பொண்ணும் பேத்தியும் நல்லா இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுதறேன்.

சரக்கு நேத்தே துறைமுகத்துக்குப் போயிடுச்சு. மொத்தம் நானூத்தி அறுபது பூட்டு. நானூறு உங்க புது மார்க்கெட் கடைகளுக்கு, அறுபது உங்க கடையில வச்சு விக்க. ஒவ்வொண்ணையும் நானே எண்ணெய்த் துணியால துடைச்சு, சாவியைக் கட்டிப் பெட்டியில அடுக்கினேன். வயசான காலத்துல இது உனக்கெதுக்குன்னு மேஸ்திரி கேட்டார். பொண்ணைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போற சரக்கை இன்னொருத்தர் கையால அடுக்க மனசு வருமா, நீங்களே சொல்லுங்க.

போன கடுதாசியில ஒண்ணு கேட்டிருந்தீங்க. ஒரே கூரைக்குக் கீழ நானூறு கடை, ஒருத்தர் சாவி இன்னொருத்தர் பூட்டைத் திறந்துடாதுல்லன்னு. உங்களைத் தவிர வேற யாராவது கேட்டிருந்தா ரெண்டு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன். பொண்ணு பார்க்க வந்த வீட்டுல பொண்ணை நடக்க விட்டுப் பார்க்கிற காலமெல்லாம் போயிடுச்சு சம்பந்தியம்மா. எங்க ஊருக்கு எந்தப் பூட்டோ அதேதான் உங்க ஊருக்கும். உங்க கடைக்காரங்க சங்கத்துல தைரியமாச் சொல்லுங்க.

பணக்கார ஊர்க்காரன் பத்துப் பூட்டு வாங்கறதுக்கு முன்னாடி பட்டறைக்கே வந்து பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பான். நீங்க என் வார்த்தையை மட்டும் பார்த்து வாங்கறீங்க. உங்க ஊரும் நம்ம ஊர் மாதிரிதான், கைக்கும் வாய்க்கும் ஓடுற ஊர். இல்லாதவங்களுக்கு இல்லாதவங்கதான் துணை. அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவ செஞ்ச பூட்டு கடல் தாண்டி ஒரு மார்க்கெட்டையே காக்கப் போகுது. இதை நினைக்கிறப்ப பட்டறைச் சத்தம்கூடக் காதுக்கு இதமா இருக்கு.

பேத்திக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பூட்டுப் பட்டறையம்மா


மார்ச் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். நல்ல செய்தி இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீங்களும் கத்துவீர்கள். எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

புது மார்க்கெட் போன மாதம் திறந்தது. நானூறு கடைக்கும் உங்கள் பூட்டுதான். "ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி வேறு, என் சம்பந்தி வீட்டுப் பூட்டு, நான் பொறுப்பு" என்று சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். கை தட்டினார்கள்.

துணிக்கடைக்காரம்மாவும் வெங்காயக்காரம்மாவும் பழைய மார்க்கெட்டில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே பதினேழு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விற்றவர்கள். புது மார்க்கெட்டிலும் கெஞ்சிக் கேட்டு அடுத்தடுத்த கடை வாங்கினார்கள். வார விடுமுறை முடிந்து மறுநாள் காலையில் துணிக்கடைக்காரம்மா சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறாள். "இந்தா, என் சாவியைப் போட்டுப் பாரு, அதிர்ஷ்டம் இருந்தா திறக்கும்" என்று வெங்காயக்காரம்மா கேலியாக நீட்டினாளாம். போட்டார்கள். திறந்துவிட்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். கதவைத் தள்ளினால் உள்ளே வெறும் பலகை. ஒரு முழம் துணி இல்லை.

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எடுத்தவர் மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மரியாதை தெரிந்த திருடன்.

சங்கத் தலைவரை நாங்கள் மீசைக்காரர் என்போம். "சாவி உன்னுது, சரக்கு அவளுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று அவர் கேட்டார்.

"திருடியிருந்தா நானே சாவியை நீட்டுவேனா?" என்றாள் வெங்காயக்காரம்மா.

"சாமர்த்தியக்காரி அப்படித்தான் நீட்டுவா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

துணிக்கடைக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் மற்றவளைக் கொன்றது.

மற்றவர்களுடைய சாவிகளையும் அந்தப் பூட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒருவரும் தரவில்லை. தந்து, அது திறந்துவிட்டால் அடுத்த திருடன் அவர்தானே.

ஆகவே உங்களிடம் ஒரே கேள்வி. உங்கள் பட்டறையில் இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி உண்டா, இல்லையா? உண்டு என்றால் அவள் தப்பிப்பாள், என் பெயர் கெடும். இல்லை என்றால் அவள் திருடி. நீங்கள் எழுதுவதைச் சங்கத்தில் அப்படியே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பட்டறையம்மா சொல்வதே முடிவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

உண்மையை எழுதுங்கள்.

இரும்புக்கடைக்காரி


மார்ச் 14

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடுதாசியை மூணு தரம் படிச்சேன். முதல் தரம் கோபம் வந்துச்சு. ரெண்டாம் தரம் அழுகை. மூணாம் தரம் மறுபடியும் கோபமே வந்துச்சு, அந்தக் கோபத்துலதான் எழுதறேன்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாவியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவங்க பூட்டைக் குத்தம் சொல்றாங்க. சொல்றவங்க சொல்லட்டும், ஊர் வாய். நீங்களுமா? நான் பொண்ணு கொடுத்த வீடு, என்னைப் பார்த்து "உண்மையை எழுதுங்கள்"னு எழுதலாமா? அப்ப இத்தனை நாள் நான் எழுதினதெல்லாம் என்ன?

நடந்தது என்னன்னு இங்கே உக்காந்துக்கிட்டே என்னால சொல்ல முடியும். ஒரு துண்டு சோப்பு போதும் சம்பந்தியம்மா. பக்கத்துக் கடைக்காரி அசந்த நேரம் சாவியை எடுத்து சோப்புல ஒரு அமுக்கு அமுக்கினா அச்சு விழுந்துடும். அதைக் கொண்டுபோய் எந்தச் சாவி போடுறவன்கிட்டக் கொடுத்தாலும் அரை மணியில ஆச்சு. பதினேழு வருஷம் பக்கத்துல உக்காந்தவளுக்கு அது என்ன பெரிய வித்தையா? சாவியை அவளே நீட்டினாளாமே, பிடிபடறதுக்கு முன்னாடி நல்லவளாயிட்டா. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.

உங்க கேள்விக்குப் பதில், சங்கத்துல வாசிக்கிறதுக்காகப் பெரிய எழுத்துல எழுதறேன்.

இல்லை.

என் பட்டறையில ரெண்டு பூட்டுக்கு ஒரு சாவி கிடையாது.

என்கிட்டக் கேக்கறதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்டக் கேட்டிருக்கலாமே. எட்டு வயசுலயே அரம் பிடிச்சவ. கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே சாவி தினுசைச் சொல்லிடுவா. அம்மா பூட்டு எப்படின்னு அவ சொல்லுவா.

கோபத்துல ஏதாவது கூடக்குறைய எழுதியிருந்தா பேத்தி முகத்துக்காகப் பொறுத்துக்குங்க.

பூட்டுப் பட்டறையம்மா


ஏப்ரல் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் "இல்லை"யைச் சங்கத்தில் வாசித்தேன். சோப்புக் கதையையும் வாசித்தேன். நீங்கள் எழுதியதை அப்படியே வாசிப்பேன் என்று சொல்லியிருந்தேனே.

அன்றைக்கே வெங்காயக்காரம்மாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க வாசிச்சா சரியாத்தாம்மா இருக்கும். ஆனா நான் எடுக்கல" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் அந்த வார்த்தை என்னை உட்கார விடவில்லை. விற்காத அறுபது பூட்டும் என் கடை அலமாரியில் அப்படியே இருந்தன. கடையைச் சாத்திவிட்டு, ஒரு சாவியை எடுத்து அறுபது பூட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதன் சொந்தப் பூட்டைத் தவிர இன்னும் இரண்டு திறந்தன. வேறொரு சாவியை எடுத்தேன். அதற்கும் இரண்டு. காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாடு ஆறும் வரை இதையே செய்தேன். விரலெல்லாம் கறுத்துவிட்டது. தனக்கென்று ஒரே பூட்டு உள்ள சாவி ஒன்றுகூட அகப்படவில்லை.

உங்கள் பொண்ணு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். "இது எப்படி?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்டயே கேளுங்க அத்தை" என்றாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொட்டுவிட்டுத் தட்டை எடுத்துவிடுகிறாள்.

இத்துடன் இரண்டு பூட்டும் ஒரே ஒரு சாவியும் வைத்திருக்கிறேன். அடியில் இருப்பது உங்கள் முத்திரைதானா என்று பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டாம்.

நான் கோபமாக இல்லை. கோபப்படுவதற்கு எனக்குக் காரணம் தெரிய வேண்டும். சங்கத்துக்கு உங்கள் கையால் இன்னொரு கடிதம் எழுதி அனுப்புங்கள். ஒரு பெண் தினமும் காவல் நிலையப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அவள் வெங்காயம் அழுகிக் கிடக்கிறது. மார்க்கெட்டே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் கடையைக் கடந்து போகிறது.

இரும்புக்கடைக்காரி


ஏப்ரல் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பார்சல் வந்துச்சு. பூட்டைப் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். எனக்குக் கை காலே ஓடலை. நீங்க எவ்வளவு பொறுமைசாலின்னு இப்பத்தான் தெரியுது. உங்க இடத்துல நான் இருந்தா வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன்.

விஷயம் இதுதான். எல்லாம் மேஸ்திரி செஞ்ச தப்பு. கண்ணு சரியாத் தெரியறதில்ல, முழங்கால் வலி வேற, அவசரத்துல ஒரு பெட்டிக்கு மட்டும் சாவியைத் தினுசு மாத்தாம வெட்டிட்டார். ஒரே ஒரு பெட்டிதான். அந்தப் பெட்டியிலதான் உங்க அறுபதும், அந்த ரெண்டு கடைப் பூட்டும் இருந்திருக்கணும். மத்த பெட்டியெல்லாம் சரியா இருக்கும், அதைப் பத்திக் கவலையே வேண்டாம். முப்பது வருஷம் என் கையால காப்பி குடிச்ச மனுஷன். தப்புன்னா தப்புத்தானே, வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவரும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

சங்கத்துக்குத் தனியா எழுதி இதோட வச்சிருக்கேன். ஒரு பெட்டியில தவறு நடந்துபோச்சு, அந்தம்மா மேல குத்தம் இல்லைன்னு எழுதியிருக்கேன். வாசிச்சுக் காட்டுங்க. அந்தம்மாவும் வழக்குல இருந்து வெளியே வந்துடுவாங்க, உங்க பேரும் நிக்கும், என் பேரும் நிக்கும். அறுபது பூட்டுக்குப் பதிலா நூத்திருபது அனுப்பறேன், இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு.

என் பொண்ணைப் போட்டு ஒண்ணும் கேக்காதீங்க. கல்யாணம் ஆகி எட்டு வருஷமாச்சு, பட்டறையில இப்ப நடக்கிறது அவளுக்கு என்ன தெரியும்? சின்ன வயசுலயே அவளுக்கு இளகின மனசு. இங்கே யாராவது சத்தம் போட்டாலே சாப்பிட மாட்டா. உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க.

உங்க அன்பு என்னைக்கும் வேணும்.

பூட்டுப் பட்டறையம்மா


மே 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் பொண்ணுதான் எனக்கு வாசித்தாள். என் கண்ணாடி உடைந்திருந்தது. உடையாமல் இருந்திருந்தால் நான் நம்பியிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிய வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "மேஸ்திரி மாமாவையா?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

"பட்டறைச் சுவர்ல ஒரு பலகை இருக்கு அத்தை. நாலு வரிசை ஆணி. வரிசைக்கு இருபத்திநாலு சாவி தொங்கும். மொத்தம் தொண்ணூத்தாறு தினுசு. அதைப் பார்த்துத்தான் புதுச் சாவிக்குப் பல் வெட்டுவாங்க."

"சரி."

"உள்ளூர்ப் பூட்டுக்கு நாலு வரிசையும் வரும். பணக்கார ஊருக்குப் போறதுக்கும் நாலு வரிசையும் வரும். நம்ம மாதிரி ஊருக்குக் கப்பல்ல போறதுக்கு மட்டும் மேல் வரிசை."

"மேல் வரிசை மட்டுமா?"

"ஆமா."

"மேஸ்திரி வச்ச வழக்கமா?"

"அவர் வேண்டாம்னு சொன்னவரு. அம்மா வச்சது. முதல் கப்பல்ல இருந்தே அப்படித்தான். பூட்டு ஊர் ஊராச் சிதறிப் போறப்ப யாருக்கும் தெரியாது அத்தை. ஒரே கூரைக்குக் கீழ நானூறும் வரும்னு அம்மா அப்ப யோசிக்கலை."

நான் பத்தாவது வரை படித்தவள், எனக்குக் கணக்கு வரும். நானூறு கடைக்கு இருபத்துநான்கு சாவி. ஒரு சாவிக்குப் பதினாறு கதவு, சிலதுக்குப் பதினேழு. தொண்ணூற்றாறும் வந்திருந்தால்கூட ஒரு சாவிக்கு நாலு கதவு, அதையும் நீங்கள் சொல்லவில்லை.

"நீ ஏன் சொல்லலை? சங்கத்துல நான் எழுந்து நின்னு சொன்னப்ப நீ என் பக்கத்துலதானே நின்னே?" என்று கேட்டேன்.

"சொன்னா எனக்கு அம்மா வீடு இல்ல. சொல்லாட்டி இந்த வீடு இல்ல. எது முதல்ல போகும்னு பார்த்துக்கிட்டிருந்தேன் அத்தை" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கே யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

ஒரு பெட்டி, ஒரு கிழவரின் முழங்கால் என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தீர்கள். மற்ற பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றீர்கள். அந்தக் கடிதத்தைச் சங்கத்தில் நான் வாசித்திருந்தால் நானூறு பேரும் அதே பூட்டை மாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதை நான் சங்கத்தில் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

எட்டு வருடமாக உங்கள் பூட்டை விற்கிறேன். விலை கேட்டவர்களிடம் விலை சொன்னதைவிட, பொண்ணு எடுத்த வீட்டுச் சரக்கு என்று சொன்னதுதான் அதிகம்.

உங்கள் ஊருக்குத் தொண்ணூற்றாறு. எங்களுக்கு ஏன் இருபத்துநான்கு? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உங்கள் பொண்ணுக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை.

இரும்புக்கடைக்காரி


மே 27

சம்பந்தியம்மாவுக்கு,

பெத்த பொண்ணே என்னைக் காட்டிக் கொடுத்துட்டாளேன்னு முதல் ரெண்டு நாள் எரிஞ்சுக்கிட்டே இருந்தேன். அவளுக்குத்தான் முதல்ல எழுத உக்காந்தேன். நான் உனக்குச் சோறு போட்டேன், சீர் செஞ்சேன்னு நாலு பக்கம் எழுதினேன். அந்த நாலு பக்கத்துல "நீ சொன்னது பொய்"னு ஒரு இடத்துலகூட எழுத வரலை. அடுப்புல போட்டுட்டேன்.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். காலையில பதினொரு மணி. அவர் சம்சாரம் வாசல்லயே நின்னுக்கிட்டு, "அவர் தூங்கறார்"னு சொன்னா. அவ முதுகுக்குப் பின்னால அவர் இருமறது எனக்குக் கேட்டுச்சு. அவளுக்கும் கேட்டுச்சு. "அப்ப எழுந்ததும் சொல்லு"ன்னுட்டு வந்துட்டேன். முப்பது வருஷத்துல அந்த வீட்டு வாசல்ல நான் நின்னுக்கிட்டே பேசினது அன்னைக்குத்தான்.

ஏன் இருபத்திநாலுன்னு கேட்டீங்க. சொல்றேன்.

ஒவ்வொரு தினுசுக்கும் மிஷினை நிறுத்தணும், பல் வெட்டுற அச்சுக் கட்டையை மாத்தணும், மறுபடி ஓட விடணும். தினுசு குறைஞ்சா வேலை சீக்கிரம் முடியும், விலையும் இறங்கும். அந்த விலைக்குத்தான் உங்க ஊர்ப் பக்கம் என் பூட்டு போச்சு. இது ஒரு காரணம். ஆனா இது மட்டும் இல்ல. இது மட்டும்னு எழுதினா இன்னொரு பொய்யாயிடும்.

முதல் முதலா உங்க பக்கத்து ஊர்களுக்குச் சரக்கு போறப்ப, கப்பல் ஏஜென்ட் ஒருத்தன் பட்டறைக்கு வந்தான். பெட்டி மேல ஊர்ப் பேரைப் பார்த்துட்டு, "அங்கேயா? அங்க எவன் தொறந்து பாக்கப் போறான்"னான். அந்த வார்த்தைக்கு நான் அவனை வெளியே போடான்னு சொல்லியிருக்கணும். சிரிச்சேன் சம்பந்தியம்மா. அவன் கூடச் சேர்ந்து சிரிச்சேன். மறுநாள் கீழ் மூணு வரிசையையும் துணி போட்டு மூடச் சொன்னேன். மேஸ்திரி, "அவங்க வீட்டுலயும் கதவு இருக்கும்லம்மா"ன்னார். "உமக்கு எதுக்கு அந்தக் கவலை"ன்னேன். என் பொண்ணு அன்னைக்கு அரத்தோட பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா.

ஒருதரம் பணக்கார ஊர்க்காரன் ஒருத்தன் மேல்பூச்சுல கீறல் இருக்குன்னு இருநூறு பூட்டையும் திருப்பி அனுப்பினான். மூணு நாள் அழுதேன், நாலாம் நாள் உக்காந்து இருநூறையும் தேய்ச்சு மறுபடி அனுப்பினேன். என்னை மிதிச்சவனுக்கு நல்ல பூட்டாப் பார்த்துக் கொடுத்தேன். நம்பினவங்களுக்கு மேல் வரிசை. இதுதான் நான் செஞ்சது. உங்க வீட்டுக்குப் பொண்ணைக் கொடுத்தப்பகூட அந்தத் துணியை எடுக்கத் தோணலை. அப்புறம் அது வழக்கமாயிடுச்சு. வழக்கத்தை யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல.

வெங்காயக்காரம்மாவைத் திருடின்னு எழுதினேனே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. அவ முகம்கூட எனக்குத் தெரியாது. என் பூட்டு நல்ல பூட்டா இருக்கணும்னா அவ திருடியா இருந்தாகணும். அதுக்காக ஆக்கினேன்.

சங்கத்துக்கு எழுதினதைக் கீழே எழுதியிருக்கேன். தனிக் காகிதத்துலயும் எழுதி, பூட்டுல அடிக்கிற முத்திரையை மையில தொட்டு அடியில வச்சிருக்கேன்.

"சங்கத்தாருக்கு. உங்க மார்க்கெட்டுக்கு நான் அனுப்பின நானூறு பூட்டுக்கும் இருபத்திநாலே தினுசு சாவிதான். தவறி நடந்தது இல்ல. தெரிஞ்சே செஞ்சேன். எங்க ஊர்ப் பூட்டுக்குத் தொண்ணூத்தாறு தினுசு. வெங்காயக்காரம்மா சாவி பதினாறு கடையைத் திறக்கும், அந்தப் பதினாறு கடைக்காரங்க சாவியும் துணிக்கடையைத் திறக்கும். அந்தம்மா சோப்புல அச்சு எடுத்தாங்கன்னு நான் எழுதினது அபாண்டம். நான் அவங்க காலைத் தொட்டதா நினைச்சுக்கச் சொல்லுங்க. என் சம்பந்திக்கு இது எதுவும் தெரியாது. பூட்டைக் கழற்றிடுங்க."

மன்னிப்புன்னு உங்களுக்கு எழுதி எழுதி அடிச்சேன். காகிதம் கிழிஞ்சதுதான் மிச்சம். என் பொண்ணை அந்த வீட்டுலயே வச்சுக்குங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்.

பூட்டுப் பட்டறையம்மா


ஜூன் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தை வாசித்தேன். மார்க்கெட் நடுவில், ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசித்தேன். முடித்ததும் மீசைக்காரர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முதல் ஆளாகத் தன் கடைப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் வீசி எறியவில்லை. வரிசையில் நின்று வைத்துவிட்டுப் போனார்கள்.

வெங்காயக்காரம்மா மேல் வழக்கு இல்லை. திருடன் இன்னும் அகப்படவில்லை. முன்பு ஒருத்தி மேல் சந்தேகம், இப்போது பதினாறு பேர் மேல். துணிக்கடைக்காரம்மா அவள் கடைக்குப் போய் நின்றாள். "என்ன வேணும்?" என்று கேட்டாளாம் மற்றவள், புதிதாக வந்த வாடிக்கையாளரைக் கேட்பதுபோல். "அரைக் கிலோ" என்றாளாம் இவள். எடை போட்டுக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்த்தாளாம். அந்த இரண்டு கடைக்கும் நடுவே இப்போது ஒரு சாக்கு தொங்குகிறது.

என்னைச் சங்கத்திலிருந்து ஒரு வருடம் விலக்கி வைத்திருக்கிறார்கள். கடை நடத்தலாம், கூட்டத்தில் பேசக் கூடாது. நான் பேசியதே போதும் என்று எனக்கும் தோன்றுகிறது.

நீங்கள் எழுதியது உண்மை என்று நம்புகிறேன். அதனால் ஒன்றும் ஆறவில்லை. பொய்க் கடிதம் வந்தபோது கோபப்பட முடிந்தது. இதை வாசித்த பிறகு எட்டு வருடத்தையும் ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருமகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளை உங்களிடம் திருப்பி அனுப்ப மாட்டேன். அவள் மறைத்தாள், பிறகு அவளே சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். என்னோடு பேசும்போது இன்னும் தரையைப் பார்க்கிறாள்.

நானூறு கடைக்கும் பூட்டு வேண்டும். வேறொரு ஊரில், நம்மைப் போன்ற ஊர்தான், ஒரு பட்டறைக்கு எழுதினேன். உங்கள் ஊருக்கு எத்தனை தினுசு, எங்களுக்கு எத்தனை என்று முதல் வரியிலேயே கேட்டேன். இரண்டுக்கும் ஒரே கணக்கு, நானூறு பூட்டுக்கு நானூறு சாவி என்று பதில் வந்தது. இந்தத் தடவை பதிலை மட்டும் நம்பி வாங்குவதாக இல்லை. ஆள் அனுப்பிப் பலகையைப் பார்த்து, சாவியைத் தொட்டு எண்ணிய பிறகுதான். உங்களிடம் அப்படி ஆள் அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மருமகளைத்தான் அனுப்புகிறேன். சாவியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இங்கே வேறு யாருக்கும் தெரியாது. போகும் வழியில் உங்கள் ஊரில் விமானம் மாற வேண்டும். காலையில் இறங்கினால் மாலையில்தான் அடுத்தது. "நடுவுல பொழுது இருக்கே, அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயேன்" என்றேன்.

துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, அடுக்கி, பெட்டியை மூடிய பிறகு சொன்னாள்.

"வேண்டாம் அத்தை. ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கேன்."

இரும்புக்கடைக்காரி